மார்புத் துண்டில் ஓர் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பல வருடங்களாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். பாலஸ்தீன மக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, எனக்குத் தெரிந்த வழியிலேயே போகலாம் என்று தோன்றியது. ஒரே ஓர் உடையைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

பாலஸ்தீனப் பெண்கள் உடுத்துவது, தோப் என்று பெயர். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும், கை நீளமான அங்கி. நெஞ்சுப் பகுதியில் சதுரமாக ஒரு துண்டு, அதற்குக் கப்பே என்பார்கள். அந்தத் துண்டில் துணியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிவப்பு நூலில் வேலைப்பாடு. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எல்லாமே நாம் கிராஸ் ஸ்டிட்ச் என்கிறோமே, அதே பெருக்கல் குறித் தையல். இந்தப் பூத்தையலை அவர்கள் தத்ரீஸ் என்கிறார்கள். ஃபல்லாஹி என்றும் சொல்வதுண்டு. ஃபல்லாஹ் என்றால் விவசாயி. குடியானவப் பெண்களின் கை வேலை என்று அர்த்தம்.

நாம் மேட்டி துணியில் கட்டத்தை எண்ணிப் போடுகிறோம். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கைத்தறித் துணியின் இழைகளே கட்டம். இழையை எண்ணித்தான் ஊசியை இறக்க வேண்டும். பின்னாளில் வெல்வெட்டும் சாட்டினும் வந்தபோது அவற்றில் இழையை எண்ண முடியவில்லை. அதற்கும் ஒரு வழி செய்தார்கள். மேலே இடைவெளி விட்டு நெய்த துணி ஒன்றை வைத்துத் தைப்பது, முடித்த பிறகு அந்த மேல் துணியின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுவது. மூன்றாவது வரிசையில் ஓர் இழை தப்பினால் போதும், மேலே போகப் போக மரமே சாய்ந்துவிடும். பிரித்துப் பிரித்துத் தைத்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

மரம் என்றேன் அல்லவா? சைப்ரஸ் மரம், பேரீச்சை, நிலா, கடற்கரை நகரமான யாஃபா பக்கத்து ஊர்களில் ஆரஞ்சுப் பூ, ஹெப்ரோன் பக்கம் 'பாஷாவின் கூடாரம்' என்று ஒன்று. தைக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் இப்படிப் பெயர் உண்டு. பெண் குழந்தைக்கு ஆறேழு வயதானதும் அம்மாவோ பாட்டியோ ஊசியைக் கையில் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குள் தனக்கு வேண்டிய உடைகளை அவளே தைத்து வைத்துக்கொள்வாள். ராமல்லா என்றால் வெள்ளை லினனில் சிவப்புப் பட்டு. பெத்லகேம் என்றால் கதையே வேறு. பட்டுக் கயிறும் பொன், வெள்ளிச் சரிகையும் வளைத்து வைத்துத் தைப்பார்கள். சுற்றுப்பட்ட ஊர்களில் கல்யாணம் நிச்சயமானால், மார்புத் துண்டுக்கு பெத்லகேம் பெண்களிடம் சொல்லி வைப்பார்கள். கிறிஸ்தவப் பெண், முஸ்லிம் பெண் இருவருமே தைத்தார்கள், இருவருமே உடுத்தினார்கள். சந்தைக்கு வந்த ஒரு பெண்ணின் உடையைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிட முடிந்தது.

தெற்கே நகப் (நெகேவ்) பாலைவனத்தில் நாடோடிகளாக வாழ்ந்த பதூவின் பெண்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. கணவனை இழந்தவள் நீல நூலில் தைத்த உடை உடுத்துவாள். மறுமணத்துக்கு மனம் வந்தால் அந்த நீலத்துக்கு நடுவே கொஞ்சம் சிவப்பு சேர்ப்பாள். வாய் திறந்து சொல்லச் சங்கடப்படும் ஒன்றை நூல் சொல்லிவிடும். இதை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, 1948க்கு வருவோம். இஸ்ரேல் உருவான அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டார்கள், உயிருக்குப் பயந்து ஓடினார்கள். 400க்கும் அதிகமான ஊர்கள் ஆள் இல்லாமல் போயின. அவர்கள் அதை நக்பா என்கிறார்கள், பேரழிவு. யாஃபாவுக்குப் பக்கத்தில் பெய்த் தஜன் என்ற ஊர், பூத்தையலுக்குப் பேர்போனது. அதுவும் அந்த வருடம் காலியானது. அல்-மஜ்தல் நெசவாளர்களின் ஊர். கருநீலத் துணியில் சிவப்பும் பச்சையும் கோடு ஓட நெய்து, அதற்குச் 'சொர்க்கமும் நரகமும்' என்று பெயர் வைத்தார்கள். அங்கே மிஞ்சி இருந்தவர்களையும் 1950இல் இஸ்ரேல் காசாவுக்கு அனுப்பிவிட்டது. காசாவில் அவர்கள் மறுபடி தறி போட்டார்கள். இன்று அந்த ஊர் இருந்த இடத்தில் இருப்பது அஷ்கெலோன் நகரம்.

அகதி முகாமில் பட்டு நூலுக்கு எங்கே போவது? கூடாரத்தில் தண்ணீருக்கும் ரேஷனுக்கும் வரிசையில் நின்ற பெண்களுக்கு, ஒரு கப்பேக்கு மாதக்கணக்கில் உட்கார நேரம் ஏது? பல வருடங்கள் கை ஓய்ந்துதான் போனது. அப்புறம் மெல்ல மறுபடி ஊசி எடுத்தபோது, பக்கத்துக் கூடாரத்துக்காரி வேறு ஊர்க்காரி. அவள் மரமும் இவள் நிலாவும் ஒரே உடையில் வந்து சேர்ந்தன. 1965இல் சமீஹா கலீல் என்ற பெண்மணி ராமல்லாவை ஒட்டிய அல்-பீரேயில் இன்ஆஷ் அல்-உஸ்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்கப் பல குடும்பங்களுக்கு அது வழி செய்தது. அதே சமீஹா 1996 பாலஸ்தீன ஜனாதிபதித் தேர்தலில் யாசர் அரஃபாத்தை எதிர்த்து நின்றவர்.

1987இல் முதல் இன்திஃபாதா, அதாவது இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை எதிர்த்த மக்கள் எழுச்சி, வெடித்தது. பாலஸ்தீனக் கொடியைத் தூக்கினால் சிறை என்ற காலம் அது. பெண்கள் கொடியின் நான்கு நிறங்களையும், நாட்டின் வரைபடத்தையும், ஜெருசலேமின் குவிமாடத்தையும் தோப்பின் மார்பிலேயே தைத்துக்கொண்டார்கள். கையில் இருக்கும் கொடியைப் பிடுங்கலாம். உடுத்தியிருக்கும் உடையை என்ன செய்வது?

2021 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் சந்தோஷப்பட்டேன். இரண்டே வருடத்தில் காசாவில் தொடங்கிய போரில், அதே யுனெஸ்கோ சேதமடைந்த பண்பாட்டு இடங்களை எண்ணத் தொடங்கி, அது நூற்றைத் தாண்டியது. இடிபாட்டுக்குள் எத்தனை வீட்டு அலமாரிகள் கிடக்கும் என்றுதான் என் மனம் போகிறது. பாட்டியின் கல்யாண தோப்பை மடித்து வைப்பது அலமாரியில்தானே.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். தோப் நைந்துபோனால் அதைத் தூக்கிப் போடுவதில்லை. முதலில் கிழிவது கை முனையும் கீழ் ஓரமும்தான். நெஞ்சில் அடர்த்தியாகத் தைத்த கப்பே அப்படியே இருக்கும். அதைச் சுற்றிலும் கத்தரித்து எடுத்து, புதுத் துணியில் வைத்து, ஓரம் மடித்துத் தைத்துவிடுவார்கள். அம்மாவின் மார்புத் துண்டு மகளின் உடைக்கு வந்துவிடும். அதில் இருக்கும் மரம் அம்மா பிறந்த ஊர் மரம்.

நன்றி, வணக்கம்.