இந்த யானைக்கு யார் தருவது ஆயிரம் பொன்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பெருஞ்சோதனை பணிக்காலமே என்றது எதிரணி. ஓய்வுக்காலமே என்பது எங்கள் கட்சி.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன், ஓய்வுபெற்ற கப்பலுக்கு இவர்கள் ஏன் ஒப்பாரி வைக்கிறார்கள்?" என்று எதிரணித் தலைவர் கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். ஐயா, யானை இறந்தால் பொன் நம் கைக்கு வரும். இந்த யானை இறந்தால் பொன்னை நாமல்லவா எடுத்துவைக்க வேண்டும்!

பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான டிரெட்நாட்டைப் பாருங்கள். 1960-இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் அதை நீரில் இறக்கிவைத்தார். 1963-இல் கடற்படையில் சேர்ந்து, 1971-இல் வட துருவப் பனியைப் பிளந்து மேலெழுந்து, 1980-இல் ஓய்வுபெற்றது. உழைத்தது 17 ஆண்டுகள். ஓய்விலோ நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் ஸ்காட்லாந்தின் ரொசைத் துறையில் கட்டிப்போட்ட யானையாகவே நின்றது. எரிபொருளை எடுத்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் நியூட்ரான் துகள்களிடம் அடிவாங்கிய அணு உலைக்கலத்தின் உருக்கே கதிர்வீசுகிறதே, அதை எப்படி அறுப்பது, அறுத்து எங்கே வைப்பது? அந்தப் பழமொழியை இப்போது இன்னொரு முறை சொல்லுங்கள் ஐயா, கேட்கிறேன்!

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் கணக்குப் பார்த்தபோது, 1980 முதல் ஓய்வுபெற்ற 20 கப்பல்களில் ஒன்றுகூட முழுமையாக அப்புறப்படுத்தப்படவில்லை. ஒன்பதில் எரிபொருள்கூட அப்படியே கிடந்தது. ஒரு கப்பலை முழுதாக ஒழிக்க 9.6 கோடி பவுண்டு ஆகுமென்று மதிப்பிட்டார்கள். ஆயிரம் பொன்னாம், ஆயிரம் பொன்! அமெரிக்கா உலைப்பகுதியை அறுத்தெடுத்து ஹான்ஃபோர்டு அணுக்கழிவுத் தளத்தில் புதைக்கிறதே என்பீர்கள். புதைத்தாலும் காவல் காக்கத்தானே வேண்டும்?

பணியில் மாண்ட மாலுமிகளை எதிரணி எண்ணிக் காட்டியது. நான் எண்ணிக்கையில் போட்டியிட வரவில்லை. டிரெட்நாட்டைப் போலவே 1963-இல் பணியேற்ற சோவியத் கப்பல் கே-159, 1989-இல் ஓய்வுபெற்று, துருவேறிக் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைப் பிரித்தெடுப்பதற்காக, மிதவைகளைக் கட்டி, பத்துப் பேரை ஏற்றிப் பாரன்ட்ஸ் கடல்வழியே இழுத்துச் சென்றார்கள். கொந்தளிப்பில் மிதவை பிய்த்துக்கொண்டது, இரண்டு உலைகளின் எரிபொருளோடும் கப்பல் மூழ்கியது, பிழைத்தவர் ஒருவரே. போருக்குப் போனவர்களல்லர் ஐயா, பழைய இரும்பைக் கரைசேர்க்கப் போனவர்கள்! அந்த ஒன்பது பேரைப் பெற்றவர்களிடம் சென்று, "கப்பலுக்குச் சோதனையெல்லாம் பணிக்காலத்தோடு முடிந்துவிட்டது" என்று சொல்ல எதிரணியில் எவருக்காவது மனம் வருமா? வருமென்றால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்களுக்கே வழங்கிவிடுங்கள்.