லாகூரில் அடித்த ஓட்டம், பட்டிருப்பில் கேட்ட வெடி

நடுவர் அவர்களுக்கும், மேடையில் இருப்பவர்களுக்கும், இந்த வெக்கையிலும் எழும்பிப் போகாமல் இருக்கிற மட்டக்களப்பு மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'உலகத்தை அதிகம் அறிந்தவர்கள் தொண்ணூறுகளின் மாணவர்களா, இன்றைய மாணவர்களா?' நான் தொண்ணூறுகளுக்காக வந்திருக்கிறேன். எழுதிக்கொண்டு வந்த பேச்சு சட்டைப் பையில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சிக்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதுவும் பேச முடியாது.

என்ன சொன்னார்? 'தொண்ணூறுகளில் படித்த அண்ணன்மாருக்கு உலகம் கல்லடிப் பாலத்தோடு முடிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் ஒரு விரலால் உலகத்தையே திறக்கிறார்கள்' என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். முன்வரிசையில் இருக்கிற என்னுடைய வகுப்புத் தோழர்களும் சேர்ந்து தட்டினார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தங்கச்சி, எந்தப் பாலத்தைச் சொல்கிறீர்கள்? பின்னேரத்தில் குடும்பத்தோடு போய்ப் படம் எடுக்கிற பாலத்தையா? அது 2013 இல் திறந்த புதுப் பாலம். எங்கள் பாலம் அதற்குப் பக்கத்தில் நிற்கிற பழைய இரும்புப் பாலம். அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கத்து வாகனம் காத்து நிற்க வேண்டும். படையினரின் சோதனைச் சாவடியான சென்றியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, புத்தகப் பையைத் திறந்து காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவோம். அந்தப் பைக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஓர் அட்லஸ் இருந்தது.

அந்த அட்லஸில் சோவியத் யூனியன் ஒரே நிறத்தில், பக்கத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. 1991 டிசம்பரில் அந்த நாடு இல்லாமற்போனது. எங்களுக்குப் புது அட்லஸ் வரவில்லை. வரக்கூடிய பாதையும் இல்லை. சமூகக்கல்வி சேர் என்ன செய்தார்? ரேடியோவில் கேட்டு, பழைய பேப்பர்களில் தேடி, பிரிந்துபோன 15 நாடுகளின் எல்லையையும் கரும்பலகையில் கீறினார். நாங்கள் எங்கள் அட்லஸில் பென்சிலால் கோடு போட்டோம். லித்துவேனியா, உக்ரைன், கசகஸ்தான், கிர்கிஸ்தான். தன் கையால் எல்லை கீறிய நாட்டை ஒருவன் மறப்பானா? நேற்றுக்கூட உக்ரைன் என்று செய்தியில் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பென்சில் கோடுதான்.

மண்டேலாவை எடுங்கள். 27 வருடம் சிறையில் இருந்தவர், 1990 பெப்ரவரி 11 இல் வெளியே வந்தார். 1994 மே மாதம் ஜனாதிபதியானார். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் மண்டேலாவைச் சொல்லாமல் இறங்கிய மாணவன் யாராவது உண்டா? தலைப்பு 'மரம் வளர்ப்போம்' என்று இருந்தாலும் மண்டேலா வந்துவிடுவார். சிரிக்காதீர்கள். சிறைக்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த தாய்மார் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கதவு திறந்து ஒரு மனிதன் வெளியே நடந்து வந்தான் என்ற செய்தி எங்களுக்கு வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.

ஞாயிறு வீரகேசரி திங்களோ செவ்வாயோதான் ஊருக்குள் வரும். வந்த பேப்பர் பத்து வீடு போகும். பிறகு கச்சான் கடலைச் சுருளாகப் பாடசாலை வாசலுக்கு வரும். கச்சானைத் தின்றுவிட்டுச் சுருளை விரித்து வாசிப்போம். டயானா பாரிஸில் விபத்தில் இறந்தது 1997 ஆகஸ்ட் 31. அந்தப் படம் இருந்த கச்சான் சுருளை எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எண்ணெய்க் கறையோடு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தாள். அதற்கு அடுத்த வாரம் அன்னை தெரேசாவும் போய்விட்டார். அவர் படமும் அதே பக்கத்தில் ஏறியது.

சரி, இப்போது பாலத்துக்கு வருகிறேன். உலகம் அங்கே முடிந்தது என்றீர்களே, தங்கச்சி. லாகூர் எங்கே இருக்கிறது? பாலத்துக்கு அங்காலா, இங்காலா? லாகூர் எங்கள் வீட்டுப் பங்கருக்குள் வந்த கதையைச் சொல்கிறேன். கேளுங்கள்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையும் ஆஸ்திரேலியாவும். அதற்கு முந்தின டிசம்பரில்தான் மெல்பேர்னில் முரளிதரனின் பந்தை எறிபந்து என்று திரும்பத் திரும்ப நோ போல் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு, பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, முதல் சுற்று ஆட்டத்துக்குக் கொழும்புக்கு வரவே மறுத்தது ஆஸ்திரேலியா. நாங்கள் உயர்தரம் படிக்கிற பொடியன்கள். கொழும்பே பயம் என்றால் பட்டிருப்பில் இருக்கிற எங்களைப் பற்றி இவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரே சூடு எங்களுக்கு.

எங்கள் வளவில் ரேடியோ ஒன்றே ஒன்று, பெரியப்பா வீட்டில். அதற்கு நான்கு பற்றறி வேண்டும். பற்றறிக்கு அந்த நாளில் என்ன தட்டுப்பாடு என்று இங்கே இருக்கிற ஐம்பது வயதுக்காரர்களைக் கேளுங்கள். இருந்த நான்கும் செத்த பற்றறி. பெரியம்மா காலையிலேயே அவற்றை முற்றத்தில் சுளகில் போட்டு வெயிலில் காயவைத்துவிட்டார். ஒரு பக்கம் மோர்மிளகாய், மறுபக்கம் பற்றறி. வெயில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். காகம் வராமல் காவல் இருந்தது நான்.

ஆஸ்திரேலியா 241. எங்கள் பக்கம் 23 ஓட்டத்துக்குள் இரண்டு விக்கெட் போய்விட்டது. ஜெயசூரியாவும் இல்லை, களுவிதாரணவும் இல்லை. பெரியப்பா ரேடியோவை நிற்பாட்டிவிட்டார். ஏன்? பற்றறியை மிச்சம் பிடிக்க. 'பத்து நிமிஷத்துக்கு ஒருக்காப் போடுவம்' என்றார். வளவு முழுக்க அவர் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. போடுவார், அரவிந்த டி சில்வா இருபது. நிற்பாட்டுவார். மறுகா போடுவார், அரவிந்த நாற்பது. நிற்பாட்டுவார். அந்தப் பத்து நிமிஷம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், நடுவர் அவர்களே. லாகூரில் ஒரு மனிதன் அடித்துக்கொண்டிருக்கிறான். இங்கே ஒரு வளவு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இருக்கிறது. கடைசியாகப் போட்டபோது அரவிந்த தொண்ணூறைத் தாண்டிவிட்டார். பக்கத்தில் ரணதுங்க நிற்கிறார். அப்போது 'கர்' என்று ஒரு சத்தம். ரேடியோ செத்துப்போனது. தட்டினோம், குலுக்கினோம், பற்றறியை வாயால் கடித்தும் பார்த்தோம். வராது.

எல்லோரும் அப்படியே இருக்கிறோம். ஒருவரும் படுக்கப் போகவில்லை. கொஞ்ச நேரம் போனது. திடீரென்று படை முகாம் பக்கம் இருந்து பட பட பட என்று வெடி. சும்மா ஒன்று இரண்டு இல்லை, வானம் கிழிகிற மாதிரி. 'சூடு! சூடு!' என்று யாரோ கத்த, முழுக் குடும்பமும் பங்கருக்குள். தென்னங்குற்றி அடுக்கி மண் போட்ட பங்கர். அம்மம்மாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினோம். பெரியம்மா தலையணையோடு வந்தார். நான் செத்த ரேடியோவோடு இறங்கினேன். அம்மம்மா தான்தோன்றீஸ்வரரைக் கூப்பிட்டு அழுகிறார். சின்னப் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறோம். சூடு நிற்கவே இல்லை.

அப்போது பெரியப்பா தலையை மெல்ல வெளியே நீட்டினார். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பிறகு திரும்பி, 'இது சண்டைச் சூடு இல்ல. ஷெல் சத்தமும் இல்ல. வானத்துக்கு அடிக்கிறாங்கள்' என்றார்.

பங்கருக்குள் ஒரு சத்தம் இல்லை. என் தம்பி, அவனுக்கு அப்போது எட்டு வயது, இருட்டுக்குள் இருந்து கேட்டான்: 'அப்ப நாங்க வெண்டுட்டமா?'

திரும்பவும் சொல்கிறேன், தங்கச்சி கேட்க வேண்டும். அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டால் வெற்றி. அந்தச் செய்தி எங்களுக்கு ரேடியோவால் வரவில்லை, பேப்பரால் வரவில்லை. பங்கருக்குள் வெடிச்சத்தமாக வந்தது. செத்துப்போவோம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்த கிழவி, அப்படியே கும்பிட்ட கையோடு, 'அந்தப் பொடியனுக்கு ஆயுசு குடு சாமி' என்றார். யாருக்கு? அரவிந்தவுக்கு! நாங்கள் கத்தத் தொடங்க, பெரியம்மா வாயைப் பொத்தினார். 'மெதுவாச் சிரி மனே, வெளிய கேக்கும்.' வாயைப் பொத்திக்கொண்டு உலகக் கிண்ணம் வென்ற சனம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அடுத்த நாள் வகுப்பில் ஒரே கேள்விதான். 'நீ எங்க கேட்ட?' ஒருவன் கட்டிலுக்குக் கீழே. ஒருவன் கோயில் மதிலோடு படுத்துக் கிடந்து. வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் இருந்து பாதையில், அதுதான் வாவியைக் கடக்கிற மிதவையில், ஏறி வந்த பொடியன் சொன்னான், வாவிக்கு அங்கால் இருந்து பார்க்க வானம் சிவப்பாய்க் கிடந்தது, இக்கரை முழுக்க முடிந்தது என்று நினைத்து அவன் தாய் விடியும்வரை அழுதாளாம்.

அதே 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திரும்பக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த அக்கரையில் பழைய நேரம்தான். பாதையில் ஏறும்போது ஒரு நேரம், இறங்கும்போது வேறு நேரம். அந்தப் பொடியன் இரண்டு நேரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு ரியூஷனுக்குப் பிந்தாமல் வந்தவன். லண்டன் பிபிசி வானொலியின் தமிழோசை தொடங்கும் நேரத்தையும் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அவனுக்கா உலகம் தெரியாது?

மணி அடிக்கிறார்கள். கேட்டது, நடுவர் அவர்களே. இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

'ஒரு விரலால் உலகத்தைத் திறக்கிறார்கள்' என்றாரே தங்கச்சி, அந்த விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1990 ஜூனில் இங்கே சண்டை தொடங்கியது. எங்கள் பாடசாலை அகதி முகாமாகியது. படித்த வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம். கரும்பலகைக்கு மேலே கயிறு கட்டிச் சேலை காயப்போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் போனது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை. அவள் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. இங்கே அம்மம்மாவோடு அந்தப் பிள்ளை முகாமில். செய்தி கேட்ட இரவு அவள் என்னிடம் கேட்டாள், 'குவைத் எங்க இருக்கு?' வகுப்பறைச் சுவரில் உலகப்படம் ஒன்று தொங்கியது. மேசையில் ஏறி நின்று காட்டினேன். அவள் விரலை அங்கே வைத்தாள். அவ்வளவு சின்ன நாடு, அவள் விரல் நுனியே அதை மறைத்துவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பியவுடன் அந்தப் பிள்ளை மேசையில் ஏறி அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள். அங்கே தாய், மட்டக்களப்பில் சண்டை என்று கேட்டுப் பிள்ளைக்காக அழுகிறார். இங்கே பிள்ளை, குவைத்தில் சண்டை என்று கேட்டுத் தாய்க்காக அழுகிறாள். கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. விரல் பட்டுப் பட்டுப் படத்தில் அந்த இடம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. கடைசியில் அந்தத் தாய் பாலைவனத்தால் ஜோர்தானுக்கு வந்து, முகாமில் கிடந்து, விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, சென்றி சென்றியாகக் கடந்து வந்து சேர்ந்தார். ஒரு சின்னப் பை மட்டும் கையில். வகுப்பறை வாசலில் தாயைக் கண்டதும் அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உலகப்படத்துக்கு முன்னால் நிற்பாட்டி, 'அம்மா, நீங்க இஞ்சதான் இருந்தீங்க' என்று காட்டினாள்.

தங்கச்சி, அதுவும் ஒரு விரல்தான்.

உங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். என் பிள்ளைகளும் அவர்களோடுதான் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பங்கரும் வேண்டாம், அந்த முகாமும் வேண்டாம். ஆனால் எங்களைப் பார்த்து உலகம் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தப் பிள்ளை இன்று ஓர் ஆசிரியை. மூன்றாவது வரிசையில் இருக்கிறார். பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு இருப்பது அவர் தாய். அம்மா, நீங்கள் எழும்ப வேண்டாம், கால் வருத்தம் என்று தெரியும், இருந்தபடியே இருங்கள். எனக்குத் தட்ட வைத்திருந்த கைதட்டை எல்லோரும் அந்த அம்மாவுக்குக் கொடுங்கள். நல்லாத் தட்டுங்கள். என்னுடைய மிச்ச நேரத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன், நடுவர் அவர்களே. வணக்கம்.