சி கிரேடு வாங்கிய கட்டுரையும் அமெரிக்காவின் 27வது திருத்தமும்

(திரையில்: தட்டச்சு செய்த ஒரு கட்டுரையின் முதல் பக்கம், மூலையில் பெரிதாக 'சி')

1982. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம். கிரிகரி வாட்சன் என்ற மாணவர் அரசியல் பாடத்துக்கு எழுதிக் கொடுத்த கட்டுரைக்கு வாங்கிய கிரேடுதான் நீங்கள் பார்ப்பது. ஃபெயில் இல்லை, ஆனால் வீட்டில் காட்டிப் பெருமைப்படும் அளவுக்கும் இல்லை. மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டார், மறுபடியும் அதே சி. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் ஆசிரியரை நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த பரீட்சைக்குப் போயிருப்போம், இவர் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார், எழுதினார், எழுதினார், பத்து வருடம் எழுதினார், 1992ல் அந்தக் கட்டுரை பேசிய விஷயம் அமெரிக்க அரசியலமைப்பின் 27வது திருத்தமாக உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு வேறு திருத்தம் எதுவும் சேரவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் 'ஒற்றை ஆள் நினைத்தால் நாட்டையே மாற்றலாம்' என்ற ரகத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அந்த ஆளைவிட அவர் தட்டிய கதவுதான் எனக்கு சுவாரஸ்யம். அப்படி ஒரு கதவு அங்கே ஏன் இருந்தது, இருநூறு வருடமாக ஏன் யாரும் பூட்டவில்லை? இதைப் பிடித்தால் அமெரிக்கக் கூட்டாட்சி எப்படி ஓடுகிறது என்பது தானாகப் புரியும்.

முதலில் ஒரு விஷயம். இந்த வீடியோவில் காங்கிரஸ் என்று சொன்னால் கட்சி இல்லை, வாஷிங்டனில் இருக்கும் அவர்களுடைய நாடாளுமன்றம். அதில் இரண்டு அவை: செனட், பிரதிநிதிகள் சபை.

(திரையில்: 13 மாநிலங்கள் மட்டும் இருந்த பழைய வரைபடம்)

அமெரிக்காவில் முதலில் வந்தது மாநிலங்கள்தான். பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 காலனிகளும் தங்களைத் தனித்தனி அரசுகளாகவே நினைத்துக்கொண்டன. 1781ல் நடைமுறைக்கு வந்த முதல் ஒப்பந்தத்தில் மத்திய அரசு என்ற பெயரில் ஏதோ ஒன்று இருந்தது, ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. போர் நடத்திய கடன் கழுத்தை நெரிக்கிறது, சிப்பாய்களுக்குச் சம்பளம் பாக்கி, மாநிலங்களிடம் போய்க் கையேந்த வேண்டும். சரி, இறக்குமதிப் பொருளுக்கு 5 சதவீதம் மட்டும் தீர்வை போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். ஒப்பந்தத்தை மாற்ற 13 பேரும் தலையாட்ட வேண்டும். இருப்பதிலேயே குட்டி மாநிலமான ரோட் ஐலண்ட் 1782ல் முடியாது என்றது. அவ்வளவுதான், திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. அப்புறம் வேறு வடிவத்தில் திரும்ப முயன்றார்கள், அப்போது முட்டுக்கட்டை போட்டது நியூயார்க்.

1787ல் ஃபிலடெல்ஃபியாவில் 55 பேர் கூடிப் புது அரசியலமைப்பை எழுதியபோது இந்தக் காயம் எல்லோருக்கும் நினைவிருந்தது. (ரோட் ஐலண்ட் அந்தக் கூட்டத்துக்கு ஆளே அனுப்பவில்லை. கடைசியில் 1790ல்தான், அதுவும் 34க்கு 32 என்ற ஓட்டில், உள்ளே வந்து சேர்ந்தது.) ஒருவர் மறுத்தாலும் நின்றுபோகும் என்றால் நாடு நடக்காது. மத்திய அரசே இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் மாநிலங்கள் சேரவே சேராது. நடுவில் ஒரு கணக்கைப் பிடித்தார்கள். அதுதான் ஐந்தாவது பிரிவு: காங்கிரஸின் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினால் ஒரு திருத்தத்தை முன்மொழியலாம், அதன் பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு ஒப்புக்கொண்டால்தான் அது சட்டம். இன்று 50 மாநிலம், அப்படியென்றால் 38.

இதில் இரண்டு பேருக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜனாதிபதி கையெழுத்து தேவையில்லை, மாநில ஆளுநர் கையெழுத்தும் தேவையில்லை. அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், மாநிலத்தின் நிர்வாகத் தலைவர், நம் ஊரில் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கே இதில் இடமில்லை. மாநில சட்டமன்றம் ஓட்டுப் போட்டு, சான்றிதழை வாஷிங்டனுக்கு அனுப்பினால் முடிந்தது.

(திரையில்: 1789, பன்னிரண்டு வரிகள் கொண்ட பட்டியல்)

1789ல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் சில திருத்தங்களை எடுத்துக்கொண்டு வந்தார். அலசி முடித்து, செப்டம்பர் 25 அன்று காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியது மொத்தம் 12. அதில் பத்து 1791 டிசம்பருக்குள் தேறிவிட்டன. பேச்சுரிமை, மத உரிமை, காரணமில்லாமல் வீட்டைச் சோதனை போடக்கூடாது என்பதெல்லாம் அந்தப் பத்தில்தான் இருக்கின்றன. ஆனால் தேறியவை கடைசிப் பத்து. அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்லும் 'முதல் திருத்தம்' பட்டியலில் மூன்றாவதாக இருந்தது, முன்னால் நின்ற இரண்டு பேர் தேறாததால் முதலாவதாகிவிட்டது!

அந்தத் தேறாத இரண்டில் ஒன்று சம்பளம் பற்றியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தைக் கூட்டியோ குறைத்தோ ஒரு சட்டம் போட்டால், அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடியும்வரை அது அமலுக்கு வராது. அவ்வளவுதான் மொத்தமும். கஜானா சாவியைக் கையில் வைத்திருக்கிறவனே தன் பைக்கு எடுத்துக்கொள்வது பார்க்க நன்றாக இல்லை என்பது மேடிசனின் வாதம். கூட்டிக்கொள், ஆனால் நடுவில் ஒருமுறை மக்கள் முகத்தில் முழித்துவிட்டு வா.

ஆறு மாநிலம் சரி சொன்னது. போதவில்லை. விஷயம் தூங்கப் போய்விட்டது.

நடுவில் ஒருமுறை புரண்டு படுத்தது. 1873ல் காங்கிரஸ் தன் சம்பளத்தை 5,000 டாலரிலிருந்து 7,500 டாலராக ஏற்றிக்கொண்டது, அதுவும் முடியப்போகிற இரண்டு வருடத்துக்கும் சேர்த்து முன்தேதியிட்டு, ஆளுக்கு 5,000 டாலர் கையில் வருகிற மாதிரி. நாடு கொதித்தது. ஓஹாயோ சட்டமன்றம் அந்தக் கோபத்தில் 84 வருடப் பழைய மேடிசன் திருத்தத்தைத் தேடி எடுத்து ஒப்புதல் போட்டது. காங்கிரஸ் மறு வருடமே அந்த உயர்வை ரத்து செய்துவிட்டது, திருத்தம் மறுபடி தூக்கம். 1978ல் வயோமிங் மாநிலமும் இதே மாதிரி ஒரு சம்பள உயர்வுக்குக் கண்டனமாக ஒப்புதல் தந்தது.

(திரையில்: நூலக மேசை, திறந்த புத்தகம்)

நம்ம மாணவர் நூலகத்துக்குப் போனது வேறு எதற்கோ. பெண்களுக்குச் சம உரிமை தரும் திருத்தம் அப்போது பெரிய விவாதம், காங்கிரஸ் 1972ல் அனுப்பியது, 35 மாநிலம் வரை வந்து முட்டி நின்றது, நீட்டித்துக் கொடுத்த கெடுவும் 1982ல் முடிகிறது. அதைப் பற்றி எழுதப் போனவர், இன்னும் முடிவாகாமல் கிடக்கும் திருத்தங்களின் பட்டியலில் மேடிசனின் இந்த வரியைப் பார்த்தார். இதற்குக் கெடு எங்கே? இல்லை. ஏழு வருடக் கெடு வைக்கும் பழக்கமே 1917ல் அனுப்பிய மதுவிலக்குத் திருத்தத்தோடுதான் ஆரம்பம். அப்படியென்றால் இது சாகவில்லை, இன்னும் உயிரோடு இருக்கிறது, மிச்ச மாநிலங்கள் இன்றைக்கும் ஓட்டுப் போடலாம் என்று எழுதினார்.

ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்புதல் எல்லாம் ஓரளவு ஒரே காலத்தில் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1921ல் சொல்லியிருந்தது. 1939ல் இன்னொரு வழக்கில், காலதாமதத்தை முடிவு செய்ய வேண்டியது காங்கிரஸ்தான் என்று பந்தைத் தள்ளிவிட்டது. இந்த நிலைமையில் 193 வருடப் பழைய விஷயம் உயிரோடு இருக்கிறது என்றால் யாராவது சட்டென்று நம்புவார்களா?

வாட்சன் முதலில் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கே எழுதினார், உங்கள் மாநில சட்டமன்றத்தில் இதை யாரிடம் கொண்டுபோகலாம் என்று கேட்டு. மெய்ன் மாநில செனட்டர் வில்லியம் கோஹன் கடிதத்தைத் தன் ஊருக்குத் தள்ளிவிட்டார். 1983ல் மெய்ன் ஒப்புதல். அடுத்த வருடம் கொலராடோ. அப்புறம் வரிசை கட்ட ஆரம்பித்தது. தன் கைக்காசு சுமார் 6,000 டாலர் போட்டார், பெரும்பாலும் தபால் செலவுதான்.

ஒரு கல்லூரி மாணவனின் கடிதத்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஏன் பிரித்துப் படிக்கிறார்? இங்கேதான் மாநில சட்டமன்றம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

(திரையில்: நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்றக் கூடம்)

நியூ ஹாம்ப்ஷயரை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை சுமார் 14 லட்சம். கீழவையில் எத்தனை உறுப்பினர்கள்? 400. அதாவது ஏறக்குறைய 3,500 பேருக்கு ஒருவர், நம் ஊர் வார்டு கவுன்சிலர் மாதிரி, தெருவில் போனால் கண்ணில் படுகிற ஆள். சம்பளம் வருடத்துக்கு 100 டாலர். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்குத்தான். 1889ல் முடிவு செய்த தொகை, இன்றும் அதேதான். ஆகவே எல்லோரும் வேறு பிழைப்பு பார்க்கிறவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். அவ்வளவு பெரிய டெக்சாஸிலேயே சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 140 நாள்தான் வழக்கமாகக் கூடும், உறுப்பினர் சம்பளம் வருடத்துக்கு 7,200 டாலர். இப்படிப்பட்ட ஆட்களிடம் காங்கிரஸ்காரர்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே ஏற்றிக்கொள்வதைக் கொஞ்சம் தடுக்கலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும்? 1790ல் இந்தத் திருத்தத்தை நிராகரித்த அதே நியூ ஹாம்ப்ஷயர் 1985ல் ஒப்புதல் தந்தது.

நான் பாதிதான் உடன்பாடு என்று சொன்னது இதனால்தான். மாநில உறுப்பினருக்கு இந்த ஓட்டில் நஷ்டமே கிடையாது, கட்டுப்படுவது வேறு யாருடைய சம்பளமோ. மறுபக்கம் பெண் சமத்துவத் திருத்தத்துக்கு நாடு முழுக்க இயக்கமே இருந்தது, லட்சக்கணக்கானவர்கள் உழைத்தார்கள், எதிர்ப்பும் அதே அளவுக்கு இருந்தது, கெடுவுக்குள் 38ஐத் தொட முடியவில்லை. 13 மாநிலம் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், திருத்தம் நின்றுவிடும். 2020 கணக்கெடுப்புப்படி மிகச் சிறிய 13 மாநிலங்களைக் கூட்டினால் நாட்டு மக்களில் 5 சதவீதம்கூடத் தேறாது. ரோட் ஐலண்ட் தனியாகச் செய்ததை இப்போது 13 பேர் சேர்ந்து செய்யலாம். இதைப் பாதுகாப்பு என்பவர்களும் உண்டு, முட்டுக்கட்டை என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது பக்கம்தான் கொஞ்சம் கூடுதல் சாய்வு.

காலமும் வாட்சனுக்குக் கைகொடுத்தது. 1989ல் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு 51 சதவீதச் சம்பள உயர்வு வரப்போகிறது என்று செய்தி. வானொலி நிகழ்ச்சிக்காரர்கள் உசுப்பிவிட, மக்கள் வாஷிங்டனுக்குத் தேயிலைப் பைகளைத் தபாலில் அனுப்பினார்கள், 1773ல் பிரிட்டன் போட்ட வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதை ஞாபகப்படுத்தத்தான். உயர்வு கைவிடப்பட்டது. அந்த வருடம் மட்டும் டெக்சாஸ் உட்பட ஏழு மாநிலங்கள் ஒப்புதல். 1992ல் இன்னொரு கூத்து: பிரதிநிதிகள் சபைக்கென்றே இருந்த வங்கியில், கணக்கில் பணமில்லாமலே உறுப்பினர்கள் காசோலை கொடுத்துக்கொண்டிருந்தது அம்பலமானது. அந்த மே மாதம் எண்ணிக்கை 38ஐத் தாண்டியது.

(திரையில்: 18 மே 1992)

மே 18 அன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைவர் டான் வில்சன் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டார். எங்களைக் கேட்காமல் எப்படி என்று சில செனட்டர்கள் முறைத்தார்கள். ஆனால் தேர்தல் வருடம், சம்பள விஷயம், எதிர்த்து ஓட்டுப் போடத் தைரியம் யாருக்கு இருக்கும்? மே 20ல் இரு அவையும் இது செல்லும் என்று தீர்மானம் போட்டன. செனட்டில் 99க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 414க்கு 3. எழுதி அனுப்பி 202 வருடம் கழித்து.

ஒரு வேடிக்கை. கென்டக்கி மாநிலம் 1792லேயே ஒப்புதல் தந்திருந்தது, அது கென்டக்கிக்கே ஞாபகமில்லை! எல்லாம் முடிந்த பிறகுதான் பழைய ஏட்டில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சி கிரேடு? 2017ல் பல்கலைக்கழகம் அதை ஏ என்று மாற்றிக் கொடுத்துவிட்டது.

சரி, திருத்தம் வந்து என்ன ஆனது? விலைவாசிக்கு ஏற்றபடி தானாக ஏறும் ஒரு சம்பள ஏற்பாட்டை 1989லேயே சட்டமாக்கியிருந்தார்கள். அது இந்தத் திருத்தத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டவர், பின்னாளில் சபாநாயகரான ஜான் பெய்னர். 1994ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விரோதம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதாவது ஓட்டை இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டை வழியாகப் போகவும் பயம். 2009ல் 1,74,000 டாலர் ஆன சம்பளத்தை, அதன்பின் வருடா வருடம் தாங்களே ஓட்டுப் போட்டு ஏறாமல் நிறுத்திவைக்கிறார்கள்.

(திரையில்: பழைய பட்டியல் மறுபடி, சில வரிகள் மட்டும் வெளிச்சத்தில்)

வாட்சன் பார்த்த அந்தப் பட்டியலில் கெடு இல்லாத திருத்தங்கள் இன்னும் நான்கு மிச்சம். 1789ன் மற்றொன்று, பிரதிநிதிகள் சபையில் எத்தனை பேர் என்பது பற்றியது. 1810ல் ஒன்று, வெளிநாட்டு ராஜாவிடம் பட்டம் வாங்கினால் குடியுரிமை போய்விடும் என்பது. 1861ல் அனுப்பியது கொஞ்சம் கூச வைக்கும், அடிமை முறையில் மத்திய அரசு கை வைக்கவே முடியாதபடி பூட்டுவதற்காக உள்நாட்டுப் போருக்குச் சற்று முன்னால் எழுதியது, இன்றும் ஏட்டில் அப்படியே நிலுவையில் கிடக்கிறது. நான்காவது 1924ல் வந்தது: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் உழைப்பைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் காங்கிரஸுக்கு அதிகாரம். 1938ல் சாதாரணச் சட்டத்தின் மூலமாகவே அந்தக் காரியம் பெரும்பாலும் நடந்துவிட்டதால் இதை எல்லோரும் மறந்தார்கள். அதற்குள் 28 மாநிலங்கள் ஒப்புதல் தந்துவிட்டன. 38க்கு இன்னும் பத்துதான் பாக்கி.