டாக்டர் சொல்லாமலே நடக்கலாமே

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உடற்பயிற்சி பற்றியும் நல்ல சாப்பாடு பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எதைச் சாப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதை இப்போது செல்போன் வைத்திருக்கிற எல்லோருமே சொல்லிவிடுவார்கள். அதையே நானும் சொல்லப்போவதில்லை. தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை? நம் ஊரும் உறவும் அதற்கு எப்போது இடம் கொடுக்கின்றன? இதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சாயங்காலம் பள்ளி மைதானத்தில் நடக்க வருகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலரும் நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, காலில் சாதாரணச் செருப்போடு வருவார்கள். புதிதாக ஒருவர் வந்தால் மற்றவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மதினி, சுகர் வந்துருச்சா?" என்பதுதான். வந்தவரும், "ஆமா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்பார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மாமியாரும் சும்மா இருப்பார், வீட்டுக்காரரும் சும்மா இருப்பார். டாக்டர் சொல்லிவிட்டாரே!

உடம்பு நன்றாக இருக்கிற முப்பது வயதுப் பெண் ஒருத்தி, எனக்கு நடக்கப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் இறங்கி நடந்தால் என்ன ஆகும்? "வேலவெட்டி இல்லாம நடக்கா பாரு" என்று ஒரு திண்ணையிலிருந்து குரல் வரும். "அடுப்புல ஒல கொதிக்கு, இவ எங்க கெளம்பிட்டா?" என்று வீட்டுக்குள்ளிருந்தே கேட்கும். இரண்டு நாள் போவாள், மூன்றாம் நாள் நின்றுவிடுவாள். பிறகு நாற்பத்தைந்து வயதில் கையில் டாக்டர் சீட்டோடு அதே மைதானத்துக்கு வருவாள். நோய் வந்த பிறகுதான் நம் ஊர் ஒரு பெண்ணை நிம்மதியாக நடக்க விடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் இருக்க வேண்டியதைவிட அதிக எடையோடு இருந்தார்கள். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. உடம்பில் எடை இருக்கிறது, ரத்தம் இல்லை. வயிறு நிறைய மாவுச்சத்து போகிறது, கீரையும் பயறும் முட்டையும் பருப்பும் போதுமான அளவு போவதில்லை என்பது இதற்கு ஒரு முக்கியமான காரணம். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏழு பேரை எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு. ஒரு பந்தியில் நம்மோடு எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், புரிந்துவிடும்.

பந்தி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் இலையில் சோற்றை வைக்கும்போது "போதும்" என்று கையைக் குறுக்கே நீட்டினால் பரிமாறுகிறவர் விடுகிறாரா? "அட, வாங்கிக்கோங்க" என்று கையை விலக்கி இன்னொரு கரண்டி வைக்கிறார். பக்கத்திலிருந்து பெண் வீட்டுக்காரர், "என்ன சித்தப்பா, நம்ம வீட்டு விசேஷத்துல இப்படிக் கொறிக்கிறீங்க" என்கிறார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் சித்தப்பா தப்பிக்க ஒரே வழி, "எனக்குச் சுகர்ப்பா" என்பதுதான். அப்போதும் இலையில் விழுந்த ஜாங்கிரி திரும்பிப் போகாது. "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது, மாத்திரை போட்டுக்கிடலாம்" என்று ஒருவர் சொல்வார். ஒரு மாதத்தில் கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கோவில் கொடை என்று அப்படி எத்தனை ஒரு நாள் வருகிறது!

இந்த உபசரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. இது கரிசல் பூமி, மழையை நம்பிய மண். என் பாட்டி தலைமுறையில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மிஞ்சிப்போனால் விருந்தாளி வரும்போதும்தான். அரிசிச் சோறு சாப்பிடுகிற வீடு என்றால் வசதியான வீடு. வயிற்றில் கொஞ்சம் தொந்தி இருந்தால் அவர் நாலு காசு பார்த்தவர். பஞ்சத்தை நேரில் பார்த்த ஜனங்களுக்கு அடுத்தவர் இலையை நிரப்புவதைவிடப் பெரிய மரியாதை இல்லை. இன்றைக்கும் ஒரு பெண் கொஞ்சம் எடை குறைந்து ஊருக்கு வந்தால், "என்னத்தா இப்படி எளச்சுட்ட, அங்க ஒழுங்கா சாப்பாடு கெடைக்கலயா?" என்று பெரியம்மா கன்னத்தைத் தடவுவது அந்தப் பயத்தினால்தான்.

இப்போது ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை ஒழித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் மூன்று வேளையும் அரிசி என்று ஆகிவிட்டது. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. இல்லையென்றால் பரோட்டாவும் சால்னாவும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2025-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் நாம் சாப்பிடுவதில் கிடைக்கிற கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. காட்டில் வெயிலில் களை எடுத்தவருக்கு அந்தச் சோறு வேலையிலேயே கரைந்துவிடும். தீப்பெட்டி ஆபீசில் காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு எங்கே கரையும்?

பட்டணத்திலிருந்து வந்து, "பாட்டி காலத்துக் கம்பங்கூழுக்குத் திரும்புங்கள்" என்று பேசினால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காதில் ஏறாது. அவர்கள் வேறு வழியில்லாமல் குடித்த கூழ் அது. அதைவிட்டு வெளியே வர ஒரு தலைமுறை பாடுபட்டிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. குதிரைவாலியும் தானியம்தான், அதிலும் மாவுச்சத்துதான் அதிகம். சிறுதானியம் என்று பெயர் வைத்துக்கொண்டு தட்டு நிறையக் குவித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதனால் எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தட்டில் சோற்றைக் குவித்துப் பொரியலை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தை மாற்றினால் போதும். சீனி அவரைக்காய், சுரைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் வாரச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறவைதான். பாதித் தட்டு காய்க்கு, கால் தட்டு பயறோ பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால் தட்டு சோறு.

டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடை டீயில் இரண்டு ஸ்பூன் சீனி என்று வைத்துக்கொண்டாலும் பத்து கிராம் வரை வரும். நாலு டீ குடித்தால் நாற்பது கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாள் ஒன்றுக்குச் சீனி 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. "சீனி கம்மியா" என்று கடையில் கேட்கக் கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும், கேட்டால் நோயாளி என்று நினைத்துவிடுவார்களாம். அங்கேயும் அதே கதைதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கோவில்பட்டி ஹாக்கி ஊர். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் எங்கள் ஊர் மைதானத்தில் பயிற்சி எடுத்தவர்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே விளையாட்டு என்பது ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றாகிவிட்டது. மெடல் வாங்காத பிள்ளை ஓடினால், "ஓடி என்னத்தச் சாதிக்கப் போற, போய்ப் படி" என்கிறோம். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். போர்ஷன் முடியவில்லை என்பார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், ரிசல்ட் குறைந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

பெண் பிள்ளைகள் நிலைமை இதைவிட மோசம். ஆறாம் வகுப்பில் பையன்களை முந்திக்கொண்டு ஓடிய பிள்ளை, வயதுக்கு வந்த பிறகு மைதானத்தின் ஓரத்தில் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்டால், "அம்மா ஓடக் கூடாதுன்னுட்டாங்க மிஸ்" என்று சொல்லும். உடம்பு பலமாக வேண்டிய வயதில், எலும்பு கெட்டிப்பட வேண்டிய வயதில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறோம். பிறகு முப்பது வருடம் கழித்து டாக்டர் வந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் பெண்களில் 57 சதவீதம் பேரும் ஆண்களில் 42 சதவீதம் பேரும் போதுமான உடல் உழைப்பு இல்லாமல் இருக்கிறார்கள் என்று உலக அளவிலான ஆய்வு ஒன்று சொல்கிறது. இந்த இடைவெளி அந்த மைதானத்து ஓரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

"நாள் பூரா வீட்டு வேலை பார்க்கேன், எனக்கெதுக்குத் தனியா உடற்பயிற்சி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்த வேலையும் உடம்பை அசைப்பதுதான், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவோ மேல். ஆனால் ஆட்டுக்கல்லுக்குப் பதில் கிரைண்டர் வந்துவிட்டது, குழாய் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வந்தது ரொம்ப நல்லது, அந்தக் கஷ்டம் யாருக்கும் வேண்டாம். மிச்சம் இருக்கிற வேலையில் பெரும்பாலும் மூச்சு வாங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைத் திரும்பத் திரும்பச் செய்தாலே தொடைக்கு நல்ல பயிற்சி. சாப்பாட்டில் வருகிற சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். அதனால்தான் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதற்கும் பலன் இருக்கிறது.

அரசு பக்கமும் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் வந்தது. எட்டு கிலோமீட்டர் மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்குச் சரி. கிராமத்துப் பெண்ணுக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில் அரை கிலோமீட்டர், அதில் நாலு விளக்கு, நாய்த் தொல்லை இல்லாமல். அவ்வளவுதான்.

அதைக் கேட்டு வாங்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வருகிற சபைக்கு நாலைந்து பெண்களாகச் சேர்ந்து போங்கள். பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை பெண்கள் நடப்பதற்குத் திறந்துவிட வேண்டும், அங்கே விளக்குப் போட வேண்டும், கேட்டைத் திறந்து பூட்ட ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்து, தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், சாவி அவரிடம்தான் இருக்கும். போகும்போது பிளஸ் டூ படிக்கிற உங்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவில் முதல் கையெழுத்தை அவளே போடட்டும்.

வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.