உள்வழியா, கடல்வழியா? அட்லாண்டிக் கரையோரம் தெற்கே போகும் படகுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அக்டோபர் பிறந்துவிட்டால் பாய்மரப் படகுகள் வரிசையாகத் தெற்கே கிளம்பும். குளிர் இறுகுவதற்குள் ஃபுளோரிடாவுக்கோ பஹாமாஸ் தீவுகளுக்கோ போய்ச் சேர வேண்டும். ரொம்பவும் முந்திக்கொள்ளவும் வழியில்லை. சூறாவளிக் காலம் ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரை நீள்கிறது. நவம்பர் பிறக்கும்வரை இன்ன அட்சரேகைக்குத் தெற்கே போகக் கூடாது என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. முதுகுக்குப் பின்னால் குளிர், முகத்துக்கு நேரே புயல். இடையில் கிடைக்கும் சில வாரங்களில் எந்த வழியாகப் போவது என்பதுதான் கேள்வி.

கரைக்கு உள்ளே ஒரு வழி இருக்கிறது. ஆறுகள், காயல்கள், சதுப்பு ஓடைகள், வெட்டிய கால்வாய்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்த நீர்வழி. வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் அதன் பூஜ்ஜிய மைல். அங்கிருந்து மயாமிக்குச் சுமார் 1,090 மைல். அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை இதைப் பராமரிக்கிறது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் பக்கம்வரை கடலை ஒட்டியே வரும் நம் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும். வழி நெடுக நட்டிருக்கும் அடையாளப் பலகைகளில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், தெற்கே போகிறவர் அதை வலப்பக்கம் விட வேண்டும். மஞ்சள் சதுரம் இடப்பக்கம்.

கிளம்பும்போதே "நான் முழுக்க உள்ளேதான்" என்றோ "முழுக்க வெளியேதான்" என்றோ முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கரையின் குணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதல் துண்டில் எனக்குச் சந்தேகமே இல்லை. நார்ஃபோக்கிலிருந்து வட கரோலினாவின் போஃபர்ட் வரை உள்ளே போங்கள். காரணம் ஹேட்டரஸ் முனை. வெதுவெதுப்பான கல்ஃப் நீரோட்டம் அந்த முனைக்கு அருகில் வடகிழக்காகப் பாய்கிறது. இலையுதிர் காலத்தில் வாடைக்காற்று பலமாக வீசும். நீர் வடக்கே ஓட, காற்று தெற்கே தள்ள, இரண்டும் மோதும் இடத்தில் அலைகள் செங்குத்தாக எழும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் படகு மூச்சுவிட நேரமிருக்காது. கரைப்பக்கம் ஒதுங்கலாம் என்றால் அங்கே டைமண்ட் மணல்திட்டுகள் கடலுக்குள் பல மைல் நீண்டு கிடக்கின்றன. அட்லாண்டிக்கின் இடுகாடு என்றே இந்தப் பகுதிக்குப் பெயர். உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற மானிட்டர் என்ற இரும்புக் கவசக் கப்பலை வேறொரு கப்பல் இழுத்துச் சென்றபோது, 1862 டிசம்பர் 31 அதிகாலையில் இந்த முனைக்கு அப்பால்தான் அது மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். 1942-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இதே கரையோரம் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. திறமைசாலிகள் ஹேட்டரஸைச் சுற்றி வெளியே போகிறார்கள், உண்மைதான். ஆனால் நல்ல காற்றுக்காகக் காத்திருக்கும் பொறுமையும் அவர்களுக்கு இருக்கிறது. தேதி பார்த்துப் பயணம் செய்கிறவர் அங்கே போகக் கூடாது.

உள்ளே போனால் இன்னொரு செல்வமும் கிடைக்கிறது. நார்ஃபோக்கை விட்டதும் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று 1859-இல் திறந்த ஆல்பமார்ல் செசபீக் கால்வாய். அகலமானது, சரக்குப் படகுகள் போவது. மற்றது 1805-இல் திறந்த டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். படகின் அடிக்கட்டை ஆறடிக்கும் குறைவாக நீரில் இறங்குமானால் இதில் போய்ப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் நீரை ஏற்றி இறக்கும் கதவடைப்புகள். நடுவில் ஆடாமல் கிடக்கும் நீர், கடுந்தேநீர் நிறத்தில். மக்கிய தாவரங்களும் மரப்பட்டைகளும் ஊறிய அந்தத் தண்ணீர் எளிதில் கெடாது என்று அந்தக் காலக் கப்பல்காரர்கள் பீப்பாய்களில் நிரப்பிப் போனார்கள்.

இந்தக் கால்வாயைத் தோண்டியவர்கள் அடிமைகள். இடுப்பளவு சேற்றில் நின்று கையால் தோண்டினார்கள். தப்பியோடிய அடிமைகள் இதே சதுப்புக் காட்டின் மேடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். மோசஸ் கிராண்டி என்ற அடிமை இந்தக் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டிக் காசு சேர்த்தார். தன் விடுதலைக்கு விலை கொடுத்தார். எஜமானர் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார். மறுபடி கொடுத்தார், மறுபடி ஏமாற்றம். மூன்றாவது முறை கொடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. அந்த நீரில் படகு விடுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

போஃபர்ட் வந்ததும் கணக்கு மாறுகிறது. உள்வழியில் இரவில் ஓட முடியாது. பெரும்பாலும் எஞ்சினை நம்பியே போக வேண்டும். பகல் முழுக்க ஓடினாலும் ஐம்பது, அறுபது மைல்தான். வெளியே காற்று ஒத்துழைத்தால் இரவும் பகலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கடல் மைல் போகலாம். வாடை மிதமாக வீசும் இரண்டு நாள் கிடைத்தால் போஃபர்ட்டிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு நேரே பாய் விரித்துவிடுங்கள். கேப் ஃபியருக்கு வெளியே நீளும் ஃபிரையிங் பான் மணல்திட்டுகளுக்கு மட்டும் தாராளமாக இடம் விடுங்கள்.

வெளியே போகிறவருக்கு ஆபத்து நடுக்கடலில் குறைவு, திரும்பி நுழையும் முகத்துவாரத்தில் அதிகம். நீர் வற்றி வெளியே பாயும் நேரத்தில் கிழக்கிலிருந்து அலை வந்தால், முகத்துவாரம் முழுக்க நுரைத்துக் கொந்தளிக்கும். சார்ல்ஸ்டன், செயின்ட் மேரிஸ், போர்ட் கனாவரல் போன்ற கப்பல் வாய்க்கால் உள்ள இடங்களை மட்டுமே நம்புங்கள். சிறிய முகத்துவாரங்களில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் பார்த்த ஆழம் அங்கே இருக்காது. எந்த முகத்துவாரத்தில் நுழைவது என்பதைக் கிளம்பும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

ஜார்ஜியாவில் நான் வெளியே போகச் சொல்வேன். அங்கே உள்வழி புல்வெளிச் சதுப்பில் வளைந்து வளைந்து போகிறது. ஓதம் ஏழு முதல் ஒன்பது அடிவரை ஏறி இறங்கும். ஹெல் கேட், லிட்டில் மட் ஆறு, ஜெக்கில் ஓடை ஆகிய இடங்களில் நீர் வற்றிய நேரம் பார்த்துப் போனால் சேற்றில் உட்கார்ந்துவிடுவீர்கள்; அடுத்த ஏற்றம் வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். உள்ளேதான் போக வேண்டும் என்றால் பாதி ஏற்றத்தில், நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கடந்துவிடுங்கள். தட்டினாலும் ஏறும் நீரே தூக்கிவிடும்.

இந்த ஓடைகளில் படியும் சேற்றைத் தூர்வாரும் விஷயம் எனக்கு மனக்குறை. எவ்வளவு சரக்கு போகிறது என்பதைப் பார்த்துத்தான் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்கள். சரக்கு குறைந்த ஜார்ஜியாப் பகுதி தூர்ந்துகொண்டே போகிறது. அந்த ஓடைகளை நம்பி இறால் பிடிப்பவர்களும், புயலுக்கு ஒதுங்க வரும் சிறு படகுகளும் கணக்கில் வருவதில்லை. இது நியாயமில்லை.

ஃபுளோரிடாவில் லேக் வொர்த் தாண்டினால் கல்ஃப் நீரோட்டம் கரைக்கு மிக அருகில் வந்துவிடும். தெற்கே போகிறவர் கரையை ஒட்டியே போக வேண்டும். சில மைல் விலகினாலும் எதிர்நீரில் பாதி வேகம் போய்விடும். உள்ளே போனால் தூக்குப் பாலங்கள் அடுத்தடுத்து வரும்; பலவும் குறித்த நேரத்தில்தான் திறக்கும். தூக்காத பாலங்களுக்கு வழியெங்கும் 65 அடி உயரம் என்று கணக்கு. மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடிதான். பாய்மரம் அதைவிட உயரமான படகு, அதுவரை உள்ளேயே வந்திருந்தாலும், போர்ட் எவர்கிளேட்ஸில் கடலுக்கு இறங்கி மயாமியின் கவர்ன்மென்ட் கட் வாய்க்கால் வழியாகத்தான் ஊருக்குள் நுழைய முடியும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.