யானை காய்ந்துவிட்டதா? தராசில் வைத்துப் பார்ப்போம்

வணக்கம். குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தூளியில் பாப்பா தூங்குகிறாள். அவள் விழிப்பதற்குள் முடித்தாக வேண்டும். சென்னையில் ஐப்பசி மழை நான்காவது நாளாக விடாமல் பெய்கிறது. ஜன்னல் கம்பியில் சொட்டுகிற சத்தம் உங்களுக்கும் கேட்கும்.

கொடியில் ஒரு வெங்காய வலைப்பை தொங்குகிறதே, அதற்குள் இருப்பதுதான் இன்றைய விஷயம். பாப்பாவின் துணி யானை. அவளுக்குப் பத்து மாதம், பல் முளைக்கிற நேரம். யானையின் இடது காதுதான் அவளுக்கு முறுக்கு, அதிரசம் எல்லாம். கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன், காது நுனியைப் பாருங்கள். பொசுபொசுவென்று இருந்த துணி, கயிறு போலத் திரிந்து போயிருக்கிறது. எச்சில், ராகிக் கூழ், தரையில் இழுத்த தூசி எல்லாம் சேர்ந்து அந்த இடம் மட்டும் விறைத்திருந்தது. துவைத்த பிறகுதான் இந்த நிறமாவது வந்தது.

துவைப்பதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். காய வைப்பதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. அதில் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். யானைக்கு முன்னால் ஒரு கரடி இருந்தது. அதைத் துவைத்து இரண்டு நாள் உலர்த்தினேன். தொட்டால் மொறமொறவென்று இருந்தது, கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் கிட்டே போனாலே மக்கிய வாடை. கத்தரிக்கோலால் முதுகுத் தையலைப் பிரித்துப் பார்த்தால், பஞ்சு ஈரமாகக் கட்டிக்கொண்டு கிடக்கிறது, அதன்மேல் எள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. அதைத்தான் என் பிள்ளை நான்கு நாளாக வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கரடி குப்பைக்குப் போனது. என் மாமியாரிடம் 'எங்கேயோ தொலைந்துவிட்டது அத்தை' என்று சொல்லிவிட்டேன். அத்தை, இந்த வீடியோவைப் பார்த்தால் மன்னித்துவிடுங்கள், நீங்கள் வாங்கித் தந்த கரடிதான்.

அப்புறம்தான், தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு நிறுக்கும்போது, இந்தச் சமையலறைத் தராசைப் பார்த்து ஒன்று தோன்றியது. தண்ணீருக்கு எடை உண்டு. பொம்மையைத் துவைப்பதற்கு முன்னால் நிறுத்து எழுதி வைத்துக்கொண்டால், உள்ளே ஈரம் இருக்கிறதா என்று தராசே சொல்லிவிடும். யானை காய்ந்திருந்தபோது 208 கிராம். இதோ, நாட்காட்டியின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். துவைத்துப் பிழிந்ததும் 390. நேற்று மாலை 236. வெளித்துணி நேற்றே காய்ந்துவிட்டது. கையை நம்பியிருந்தால் நேற்றே கொடுத்திருப்பேன்.

இன்றைய எடையைக் கடைசியில் பார்ப்போம். அதற்குள் துவைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துத் தையல், கண், மூக்கு எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். ஆடுகிற கண்ணைத் துவைத்தால் கழன்று வரும், அது நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். அமுக்கினால் பாடுகிற பொம்மை என்றால் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கக்கூடும். பெட்டியை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டுத் துவைக்கலாம். முடியாவிட்டால் தண்ணீரில் முக்கவே வேண்டாம், ஈரத்துணியால் மேலாகத் துடைப்பதோடு சரி. எடுத்த பேட்டரியை மேசையில் வைத்துவிட்டு நகராதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தால்கூட நேராக மருத்துவமனைதான்.

திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைகளில் சில, அமுக்கினால் சரசரவென்று இருக்கும். உள்ளே தெர்மாகோல் மணி. அதை இயந்திரத்தில் போட்டுத் தையல் விட்டால் வீடே மார்கழிப் பனி ஆகிவிடும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வாங்கும்போதே அதையும், துவைக்கும் முறை எழுதிய துணிச்சீட்டையும் பார்த்துக்கொண்டால் பிறகு இந்தத் தலைவலி குறையும்.

பால் கக்கிய கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் முதலில். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை துணியோடு வெந்து பிடித்துக்கொள்ளும். அலசிய பிறகு, அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைத் துணிக்குப் போடுகிற வாசனையில்லாத சோப்பை அரைத் தேக்கரண்டி கலந்து, பொம்மையைக் கடற்பஞ்சு போல அமுக்கி அமுக்கி விடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு உருண்டை கட்டிக்கொள்ளும். அலசுவதில் கஞ்சத்தனம் கூடாது. யானைக்கு ஐந்து முறை தண்ணீர் மாற்றினேன். பிழிகிற தண்ணீரில் நுரையும் வழவழப்பும் போகிற வரை அலச வேண்டும். அதையும் சப்பத்தானே போகிறாள்? இயந்திரத்தில் போடுவதானால் தலையணை உறைக்குள் வைத்து வாயைக் கட்டிவிட்டு, மென்மையான சுழற்சியில் விடுங்கள்.

வாசனைக்காக ஊற்றுகிற மென்மையாக்கி வேண்டாம். கிருமிநாசினியும் வேண்டாம், வாயில் வைக்கிற பொருளுக்கு அது எதற்கு? பிளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அதிலிருந்து குளோரின் வாயு வருகிறது. துவைத்த பொம்மையைப் பாச்சை உருண்டையோடு பெட்டியில் போட்டு வைப்பதும் கூடாது. அது நாஃப்தலீன். ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். பல வீடுகளில் தன் பிள்ளைக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது.

தூசியில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியைக் கொல்ல 60 டிகிரி வெந்நீர் நல்லது. ஆனால் எல்லாப் பொம்மையும் அந்தச் சூட்டைத் தாங்காது, கண்ணை ஒட்டிய பசை இளகிவிடும். தாங்காத பொம்மையை உறையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு துவைக்கலாம். குளிரில் பூச்சி சாகும். அதன் எச்சமும் அழுக்கும் துவைத்தால்தான் போகும். யானையை வஞ்சிர மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பார்த்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை.

வெயில் காலமென்றால் மொட்டை மாடியில் ஒரே பகலில் வேலை முடிந்துவிடும். மழைக்கு என் வழி இது. உலர்ந்த துண்டில் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அமுக்கி ஈரத்தை எடுக்கிறேன். பிறகு வலைப்பையில் போட்டு மின்விசிறிக்கு நேராகத் தொங்கவிடுகிறேன். காதில் கிளிப் போட்டால் ஈரப் பாரத்துக்குக் காது பிய்ந்துவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் பஞ்சை விரலால் பிரித்துவிட்டு, தலைகீழாகத் திருப்புகிறேன். ஈரம் கீழே இறங்கிக் காலில்தான் தங்குகிறது. இரவில் பொம்மை இல்லையே என்ற கவலை வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தூங்குமிடத்தில் பஞ்சு பொம்மை வைக்கவே கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே யானைக்கு இரவெல்லாம் விடுமுறை, காயட்டும்.

சரி, தராசு. மேலே ஒரு காகிதம் போட்டுக்கொள்கிறேன், நாளைக்கு இதில்தான் ரவை நிறுக்க வேண்டும். யானையை வைக்கிறேன்... 219.

மழைக்காலக் காற்றுக்கு இரண்டு மூன்று கிராம் கூடுதலாக இருந்தால் விட்டுவிடலாம். இது பதினொன்று. இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர் இன்னும் வயிற்றுக்குள் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் சத்தியமாகத் தெரியவில்லை.

தூளி அசைகிறது. எழுந்துவிட்டாள். யானை மறுபடியும் கொடிக்குப் போகிறது. இன்றைக்கும் அவளுக்கு மரக்கரண்டிதான்.