திருநூலைக் கையளித்தவர் யார்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஆதித் திருச்சபையின் கொள்கைச் சண்டைகள் என்றதும் ஆரியு, நெஸ்தோரியு போன்ற பெயர்கள்தாம் பலருக்கு நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது வேறொரு சண்டையைப் பற்றி. இன்றைய துனீசியாவும் அல்ஜீரியாவும் இருக்கும் வட ஆப்பிரிக்க மண்ணில், நூறாண்டுக்கும் மேலாக ஒரே ஊரில் இரண்டு ஆயர்கள், இரண்டு பீடங்கள் என்று திருச்சபையைப் பிளந்து வைத்த தொனாத்திசப் பிரிவினை. இரு தரப்பாரும் அறிக்கையிட்ட விசுவாசம் ஒன்று. வாசித்த திருநூல் ஒன்று. பிறகு எதற்காகப் பிரிந்தார்கள்? அதற்கு ஒரு நாள் நடந்த சோதனையைச் சொல்ல வேண்டும்.

303-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பேரரசர் தியோக்கிளேசியன் ஓர் ஆணை பிறப்பித்தார். கிறிஸ்தவக் கோவில்களை இடிக்க வேண்டும், திருநூல்களைப் பறித்துத் தீயிட வேண்டும். அந்த ஆணை மே 19-ஆம் நாள் சீர்த்தா நகரை எட்டியது. அல்ஜீரியாவில் இப்போது கான்ஸ்டன்டைன் என்று அழைக்கப்படுவது அந்த ஊர்தான். நகர நிர்வாகி முனாசியு பெலிக்ஸ், கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு ஆட்களுடன் வந்தார். என்ன நடந்தது என்பதை அரசாங்க எழுத்தர் வரிக்கு வரி எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு இன்றும் நம்மிடம் இருக்கிறது.

பறிமுதல் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பொன் கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, வெள்ளி விளக்குகள் 7. பெண்களுக்கான அங்கிகள் 82, பெண்களின் காலணிகள் 47 சோடி, ஆண்களின் காலணிகள் 13 சோடி. ஏழைகளுக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்த துணிமணிகளாக இவை இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புத்தக அலமாரிகள் மட்டும் காலியாக இருந்தன. புத்தகங்கள் எல்லாம் வாசகர்களின், அதாவது வழிபாட்டில் திருநூல் வாசிக்கும் பணியாளர்களின், வீடுகளில் இருப்பதாக ஆயர் பவுல் சொல்லிவிட்டார். வாசகர்கள் யார், யார்? பெயர் சொல்ல இரண்டு துணைத் திருத்தொண்டர்கள் மறுத்தார்கள். "நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் அல்லர். இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆனாலும் அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். ஒருவர் நான்கு ஏடுகளைக் கொடுத்தார், இன்னொருவர் ஐந்தைக் கொடுத்தார், விக்தோரினு எட்டைக் கொடுத்தார். ஒரு வாசகர் வீட்டில் இல்லை. அவர் மனைவி ஆறு ஏடுகளை எடுத்துவந்து நீட்டினார்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். வாசலில் படை நிற்கிறது. கணவர் இல்லை. இந்தக் குறிப்பில் என் மனம் தங்கும் இடம் இதுதான்.

ஆனால் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அபித்தினா என்ற சிற்றூரிலிருந்து 49 பேரைப் பிடித்துக் கார்த்தேஜுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய ஆயரே திருநூல்களைக் கொடுத்துவிட்டவர். அவர்களோ வீட்டில் கூடி ஞாயிறு வழிபாட்டை நடத்தியவர்கள். ஆண்டவருடைய திருவிருந்து இல்லாமல் எங்களால் வாழ முடியாது என்று ஆளுநர் முன்னால் சொன்னவர்கள். அவர்கள் சிறையில் கிடந்தபோது, கார்த்தேஜ் ஆயர் மென்சூரியுவும் அவருடைய திருத்தொண்டர் செசிலியானும் உணவு கொண்டுவந்தவர்களைச் சிறை வாசலில் தடுத்தார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு பரவியது. அது உண்மையோ பொய்யோ, நம்பியவர்கள் ஏராளம். அந்த மென்சூரியுதான் கோவிலில் தப்பறைக்காரர்களின், அதாவது தவறான கொள்கை பரப்பியவர்களின், நூல்களை வைத்து, அவற்றைத் திருநூல் என்று எண்ணிப் படைவீரர்கள் எடுத்துப் போகும்படி செய்தவர். அதைச் சாமர்த்தியம் என்று சிலர் சொன்னார்கள். உயிரைக் கொடுத்தவர்களின் வீட்டார் அப்படிச் சொல்வார்களா?

மென்சூரியு இறந்ததும் செசிலியானே ஆயரானார். சீர்த்தா நகர் இருந்த நுமிதியா நாட்டு ஆயர்கள் வருவதற்குள் அவசரமாகத் திருநிலைப்படுத்திவிட்டார்கள். அவர் தலைமேல் கைவைத்த ஆப்துங்கா ஆயர் பெலிக்ஸ் திருநூலைக் கையளித்தவர் என்ற பேச்சு எழுந்தது. கையளித்தவரின் கை தீட்டானது. அவர் தந்த திருநிலை செல்லாது. அந்த ஆயர் தரும் திருமுழுக்கும் செல்லாது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் போயிற்று வாதம். சுமார் 70 நுமிதிய ஆயர்கள் கூடி மயோரினு என்பவரை எதிர் ஆயராக அமர்த்தினார்கள். அவருக்குப் பின் வந்த தொனாத்துவின் பெயரே இயக்கத்துக்கு நிலைத்தது.

தீர்ப்புக் கேட்டு முதலில் பேரரசரிடம் போனவர்கள் செசிலியானை எதிர்த்த இந்தத் தரப்பினர்தாம். பேரரசர் கான்ஸ்டன்டைன் வழக்கை 313-இல் ரோமையில் ஆயர்களிடம் விட்டார், 314-இல் ஆர்ல் நகரச் சங்கத்திடம் விட்டார். இரண்டும் செசிலியான் பக்கம். பெலிக்ஸ் மீதான குற்றச்சாட்டையும் விசாரித்தார்கள். அவருக்கு எதிராகக் காட்டிய கடிதத்தில் பிற்சேர்க்கை செய்யப்பட்டிருந்தது 315-இல் வெளிப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ந்தது.

320-இல் இன்னொரு வழக்கு. அதில்தான் நான் முதலில் சொன்ன சீர்த்தாக் குறிப்பு நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. சோதனையின்போது வீட்டுக்குள் போய், ஒரு சாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளிப் பேழையையும் வெள்ளி விளக்கையும் எடுத்துவந்து அதிகாரியிடம் கொடுத்த ஒரு துணைத் திருத்தொண்டர் உண்டு. பெயர் சில்வானு. அவர் பிற்பாடு சீர்த்தாவின் ஆயரானார். மயோரினுவைத் திருநிலைப்படுத்தியவர்களில் ஒருவர் அவர்! தங்களைத் தூயவர்கள் என்று எண்ணியவர்களின் வரிசையிலேயே கையளித்தவர் ஒருவர் நின்றிருக்கிறார்.

இதனால் தொனாத்திசம் அடங்கிவிடவில்லை. ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் அதுவே பெரும்பான்மை. அவர்களிடம் கனமான ஓர் ஆதாரமும் இருந்தது. 258-இல் மறைசாட்சியாக இறந்த கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், திருச்சபைக்கு வெளியே கொடுத்த திருமுழுக்கு திருமுழுக்கே ஆகாது என்று கற்பித்தவர். ஆப்பிரிக்கர்கள் உயிராக மதித்த புனிதர் அவர். அந்த விஷயத்தில் தங்களைத்தான் சிப்பிரியானின் வாரிசுகள் என்று தொனாத்தியர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

அவர்களுக்கு ஆழமான பதிலைச் சொன்னவர் ஹிப்போ ஆயர் அகுஸ்தீன். பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும், கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார் அவர். யோவான் நற்செய்தி பற்றிய மறையுரையில் ஓர் உவமையும் சொல்கிறார்: தண்ணீர் கல்வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது; கல்லில் ஒன்றும் முளைப்பதில்லை, ஆனால் தோட்டம் விளைகிறது. தீய குருவுக்கு அந்த அருளால் பயன் இல்லாமல் போகலாம்; பெற்றுக்கொள்கிற எளிய மனிதருக்குக் குறைவு வராது. இந்தப் பதில் சரி என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன். குருவின் உள்ளத்தைத் துப்பறிந்த பிறகுதான் தன் பிள்ளையின் திருமுழுக்கை ஒரு தாய் நம்ப முடியும் என்றால், அவளுக்கு நிம்மதி எங்கே?

ஆனால் அதே அகுஸ்தீன் செய்த இன்னொன்றை என்னால் ஏற்க முடியவில்லை. விசுவாசத்துக்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது, பேசித்தான் இணங்க வைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னவர் அவர். பிறகு மனம் மாறினார். தொனாத்தியர்களோடு சேர்ந்து திரிந்த சுற்றுக்கும்பல்கள் தடிகளோடு குருக்களைத் தாக்கியதும், அரசச் சட்டத்துக்கு அஞ்சி ஊர் ஊராக மக்கள் திரும்பி வந்ததும் அவரை மாற்றின. விருந்துக்கு உள்ளே வரும்படி கட்டாயப்படுத்துங்கள் என்ற லூக்கா நற்செய்தியின் வசனத்தை அரச வற்புறுத்தலுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் அந்த விளக்கத்தைக் கையில் எடுத்தவர்கள் அவரைப் போல் தயங்கவில்லை. அவரோ மரண தண்டனைக்கு உடன்படவில்லை. ஒரு குருவைக் கொன்றவர்களுக்காகவும், இரத்தத்துக்கு இரத்தம் வேண்டாம் என்று அதிகாரிக்கு மன்றாடி எழுதினார். அந்தக் கடிதத்தை நான் அவருடைய பெருமையாகவே கருதுகிறேன்.

411 ஜூன் மாதம் கார்த்தேஜில், ஒரு குளியல் மண்டபத்தில், பேரரசர் ஒனோரியுவின் ஆணையாளர் மார்செல்லீனு முன்னிலையில் மூன்று அமர்வுகள் நடந்தன. ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ 280 ஆயர்கள் திரண்டனர். பேச ஏழு பேர், ஆலோசனை சொல்ல ஏழு பேர், பதிவைச் சரிபார்க்க நான்கு பேர் என்று இரு பக்கமும் நியமித்தார்கள். ஆணையாளர் அமரச் சொன்னார். பொய்யரோடு அமரேன் என்ற திருப்பாடலைச் சொல்லித் தொனாத்திய ஆயர்கள் உட்கார மறுத்தார்கள். மார்செல்லீனுவும் நின்றபடியே விசாரித்தார். நூறாண்டுக்கு முந்தைய அந்தக் காகிதங்கள் எல்லாம் மறுபடியும் வாசிக்கப்பட்டன. தீர்ப்பு தொனாத்தியர்களுக்கு எதிராக வந்தது.

அடுத்த ஆண்டு சனவரியில் சட்டம் வந்தது. கோவில்கள் பறிக்கப்பட்டன. மிக உயர்ந்த பதவியில் இருப்பவர் தொனாத்தியராக நீடித்தால் 50 பவுண்டு தங்கம் அபராதம். தாத்தா காலத்திலிருந்து வழிபட்ட கோவிலின் கதவு ஒருவருக்குச் சட்டத்தால் சாத்தப்பட்டால், அவர் திருமுழுக்கின் இறையியலைக் கேட்கும் மனநிலையில் இருப்பாரா?

429-இல் வாண்டல் படைகள் ஆப்பிரிக்காவுக்குள் இறங்கின. மறு ஆண்டு, முற்றுகையிடப்பட்ட ஹிப்போவில் அகுஸ்தீன் காலமானார். பேரரசின் ஆட்சியே அங்கு முறிந்தது. அப்படியும், 590-களில் ரோமையிலிருந்து திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆப்பிரிக்காவுக்கு எழுதிய கடிதங்களில் நுமிதியாவின் தொனாத்தியர்கள் பற்றிய முறையீடு இருக்கிறது. சட்டம் போட்டு 180 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் அதைப் பற்றி எழுத வேண்டியிருந்தது.

நன்றி, வணக்கம்.